கல்தூணில் உரசிய கார்: கிளைம் போடலாமா, கைப்பணத்தில் சரிசெய்யலாமா?

புதூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் இரண்டு நாளாகத் தவிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் என் தங்கை மகளுக்குத் திருமணம். பத்திரிகை வைப்பதற்காக அம்மாவை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை செல்லூர் போயிருந்தேன். திரும்பும்போது குறுகிய சந்தில் காரைப் பின்னால் எடுத்தேன். வண்டிகள் சுவரை உரசாமல் இருக்க அந்தக் காலத்தில் வீட்டு மூலையில் கல் நட்டு வைத்திருப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு கல் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று அம்மா கத்துவதற்குள் இடப்பக்கப் பின்கதவு கையகலத்துக்கு உள்ளே போய்விட்டது. பின் பம்பர் ஓரம் கிழிந்து, பின்விளக்கும் உடைந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. அந்த வீட்டுக் கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கார் 2019 அக்டோபரில் வாங்கியது. பெட்ரோல், 1197 சிசி. முழுக் காப்பீடு இருக்கிறது. இதுவரை ஒரு கிளைம் கூடப் போட்டதில்லை. அடுத்த மாதம் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ரூ.35,600 ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய நேரத்தில் இது பெரிய தொகை. கிளைம் போட்டால் மறு ஆண்டு பிரீமியம் ஏறும் என்று ஒருவர் சொல்கிறார். கட்டிய பணத்தை ஏன் விடுகிறாய் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

ஒத்தக்கடையான் | ஞாயிறு, இரவு 9.34

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு ஆண்டுகளாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள். இப்படி ஒரு நாளுக்காகத்தானே கட்டினீர்கள்? முப்பத்தைந்தாயிரம் என்றால் தயங்காமல் கிளைம் போடுங்கள். பணம் கட்டாமலே வேலையை முடித்துக்கொண்டு வரலாம்.

கணக்குநோட்டு | ஞாயிறு, இரவு 10.20

ஒத்தக்கடை அண்ணன் சொல்வது போல அவ்வளவு நேராக முடிந்துவிடாது. பணம் கட்டாத வசதி என்றாலும் உங்கள் பங்கு என்று ஒரு தொகையைக் கட்டிவிட்டுத்தான் காரை வெளியே எடுக்க முடியும். அது ஒரு பக்கம். கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவான நோ கிளைம் போனஸின் கணக்கைப் பெரும்பாலோர் அரைகுறையாகப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். அலுவலகக் கார்களின் பாலிசிகளை ஆண்டுதோறும் நான்தான் புதுப்பிக்கிறேன்.

முதலில், போனஸ் கழிவு முழு பிரீமியத்துக்கும் கிடைப்பதில்லை. உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும்தான் கிடைக்கிறது. மூன்றாம் தரப்புக்கான, அதாவது உங்கள் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதி அரசு நிர்ணயித்தது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் முதல் அது ரூ.3,416. நீங்கள் கிளைம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தொகை மாறாது.

போனஸ் படிப்படியாக ஏறும்: கிளைம் இல்லாத முதலாண்டு முடிந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிந்தால் 50. அதற்கு மேல் ஏறாது. நீங்கள் உச்சியில் நிற்கிறீர்கள். இப்போது கிளைம் போட்டால் ஒரு படி இறங்கி 45-க்கு வரமாட்டீர்கள், நேராகப் பூஜ்யத்துக்கு வருவீர்கள். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

ஆகவே நட்டம் ஓராண்டோடு நிற்பதில்லை. அடுத்த மாதம் 50 சதவீதத்தை இழக்கிறீர்கள். அதற்கடுத்த ஆண்டு 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20 கிடைக்கும், இழப்பு 30. பிறகு 25, பிறகு 15, பிறகு 5. கூட்டினால் 125. அதாவது உச்ச போனஸ் உள்ள ஒருவர் ஒரே ஒரு கிளைமுக்காக, கழிவுக்கு முந்தைய சொந்தச் சேத பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கை ஐந்தாண்டுகளில் திருப்பிக் கட்டுகிறார். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மைத் தொகை கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

உங்கள் பாலிசித் தாளில் கழிவுக்கு முன் அந்தப் பிரீமியம் எவ்வளவு என்று இருக்கிறது? அதைச் சொன்னால் கணக்கை முடித்துவிடலாம்.

புதூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.41

அக்கா, மிக்க நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன். கழிவுக்கு முன் ரூ.8,400. 50 சதவீதம் போக ரூ.4,200.

கணக்குநோட்டு | ஞாயிறு, இரவு 10.52

அப்படியானால் 8,400-இன் ஒன்றேகால் மடங்கு 10,500. வரியோடு 12,390. கிளைமின் விலை இது. இதற்கு மேல் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிடைப்பதும் முழு 35,600 அல்ல. பாகங்கள் பழசானதற்காகத் தேய்மானம் என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். அந்த விவரம் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார், வருவார்.

பழைய சர்வேயர் | திங்கள், காலை 6.15

இருபத்திரண்டு ஆண்டுகள் திண்டுக்கல்லிலிருந்து ராமநாதபுரம் வரை வாகனச் சேதம் மதிப்பிட்டவன் நான். அம்மையார் சொன்ன ஒன்றேகால் மடங்கு சரியான கணக்கு. ஒவ்வொரு கார்க்காரரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புதூர்த் தம்பி, அந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக இங்கே எழுதுங்கள். உங்கள் பாலிசியில் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு, அதாவது ஜீரோ டெப், இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

புதூர்க்காரன் | திங்கள், காலை 8.02

ஐயா, ஜீரோ டெப் இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் இருந்தது, பிறகு செலவைக் குறைக்க விட்டுவிட்டேன்.

கதவின் வெளித்தகடு 9,800. பின் பம்பர் 4,200. பின்விளக்கு 2,600. டிங்கரிங் கூலி 5,500. பெயிண்டிங் 13,500. எல்லாம் வரியோடு சேர்த்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன் பம்பரிலும் வலப்பக்கக் கதவிலும் பழைய கீறல்கள் இருக்கின்றன. "அவற்றையும் இதே விபத்தில் சேர்த்து எழுதிவிடலாம், கார் முழுக்கப் புதிதாகிவிடும்" என்று சர்வீஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்.

பழைய சர்வேயர் | திங்கள், காலை 11.30

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்யாதீர்கள் தம்பி. கிளைம் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அந்த ஊழியர் அல்ல. பொய் என்று தெரிந்தால் நியாயமாக வர வேண்டிய பணமும் நின்றுவிடும்.

தெரியாமல் போகாது. கல்லில் உரசிய புதுக் காயத்தின் பள்ளத்தில் கல்மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். தகடு பளபளவென்று தெரியும். பெயிண்ட் ஓரத்தை நகத்தால் தொட்டால் செதிலாக உதிரும். பழைய கீறலின் ஓரம் மழுங்கியிருக்கும், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும், அடியில் துரு எட்டிப் பார்க்கும். உரசிய திசையும் காட்டிக்கொடுக்கும். பின்னால் வந்து இடித்த கார் முன் பம்பரில் எப்படி அடிபடும்? சர்வேயர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாலே இவ்வளவும் கண்ணில் பட்டுவிடும்.

வெவ்வேறு நாளில் நடந்தவை வெவ்வேறு கிளைம்கள். ஒவ்வொன்றிலும் கட்டாயக் கழிவு, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய தொகை, தனியாகப் பிடிப்பார்கள். உங்கள் வகைக் காருக்கு அது ரூ.1,000. 1500 சிசிக்கு மேல் என்றால் ரூ.2,000.

இப்போது கணக்கு. ஐந்து வயதைத் தாண்டி பத்து வயதுக்குள் இருக்கும் காரில் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். கதவுத் தகட்டில் உங்கள் பங்கு 3,920. பிளாஸ்டிக், ரப்பர் என்றால் வயது எதுவானாலும் பாதி. பம்பரில் 2,100, விளக்கில் 1,300. கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை, உங்களுக்குக் கண்ணாடி உடையவில்லை. கூலி முழுவதும் கிடைக்கும். பெயிண்டிங்கை மொத்தமாக பில் போட்டால் அதில் கால்பங்கை பெயிண்ட் பொருட்களின் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள்: சுமார் 1,688. இவற்றோடு கட்டாயக் கழிவு 1,000.

ஆக உங்கள் கையிலிருந்து 10,008. நிறுவனம் தருவது 25,592.

ஒத்தக்கடையான் | திங்கள், மதியம் 1.05

அப்படிப் பார்த்தாலும் கிளைம்தானே லாபம்? 25,592 வருகிறது, ஐந்தாண்டில் 12,390 போகிறது. பதின்மூன்றாயிரம் மிச்சம். நான் சொன்னதும் அதுதான்.

டிங்கர் பட்டறை | திங்கள், மாலை 7.48

வேலை முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். மதுரையில் முப்பது ஆண்டுகளாகத் தகடு தட்டுகிறேன்.

எல்லோரும் 35,600 என்ற தொகையை வைத்தே பேசுகிறீர்கள். அது கதவுத் தகட்டை மாற்றுவதற்கான தொகை. கையகலப் பள்ளத்துக்குத் தகட்டை மாற்ற வேண்டிய அவசியம் என்ன? கதவு ஒழுங்காக மூடுகிறதா, கண்ணாடி ஏறி இறங்குகிறதா, கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் உள்கூடு வளையவில்லை. உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு இழுத்துத் தட்டி நிமிர்த்தலாம். பள்ளத்தை நிரப்பும் பட்டியை மெல்லிசாகப் போட்டால் போதும். கம்பெனித் தகடு கம்பெனித் தகடுதான், அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது எப்போதும் மேல் என்று நான் சொல்லமாட்டேன். பம்பர் கிழிசலையும் ஒட்டலாம்.

ஆனால் உள்கூடு வளைந்திருந்தால் என்னைப் போன்றவரிடம் மலிவாக முடிக்கப் பார்க்காதீர்கள். அதை மாற்றத்தான் வேண்டும்.

புதூர்க்காரன் | செவ்வாய், காலை 9.20

மூன்றையும் பார்த்தேன் அண்ணே. கதவு மூடுகிறது, கண்ணாடி இறங்குகிறது. இடைவெளியில் ஒரு நாணயத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன், எங்கும் சிக்கவில்லை. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் கேட்கிறார்.

கணக்குநோட்டு | செவ்வாய், காலை 10.05

இந்த ஒரு தகவல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கிளைம் வழி: இப்போது 10,008, ஐந்தாண்டில் 12,390, மொத்தம் 22,398. பட்டறை வழி: 14,000, அதோடு முடிந்தது. ஒத்தக்கடை அண்ணன் கணக்கில் பிழையில்லை. ஆனால் புதூர்த் தம்பி சர்வீஸ் நிலையத்தில் கைப்பணம் 35,600 கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால்தான் அது செல்லும். அவர் அங்கே கைப்பணம் கொடுக்கப்போவதில்லை.

திருநகர் அம்மா | செவ்வாய், மதியம் 3.30

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இந்த இழையைப் படித்துவிட்டு, எல்லா விபத்தையும் இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதுகிறேன். புதூர்த் தம்பி இடித்தது கல்லை. நான் இடித்தது ஒரு மனிதரை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விளாங்குடி அருகே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் என் கார் பட்டு விழுந்தார். எழுந்து நின்றார், நடந்தார், "ஒன்றுமில்லை தாயி" என்றார். ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்தேன். கிளைம் எதற்கு, போனஸ் போய்விடுமே என்று என் கணவரும் நானும் பேசிக்கொண்டோம். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவருக்கு இடுப்பெலும்பில் விரிசல். மறுநாள் எழ முடியவில்லை. அவர் குடும்பம் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு பெரும்பாடு. நான்கு மாதம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அன்றே ஏன் போலீசுக்கும் எங்களுக்கும் சொல்லவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் இழப்பீட்டை நிறுவனம்தான் கொடுத்தது. அந்தப் பணம் அந்தப் பெரியவர் கைக்குப் போய்ச் சேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முதல் நாளே முறையாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தாமதம் ஆகியிருக்காது.

பழைய சர்வேயர் | செவ்வாய், மாலை 5.10

அம்மா எழுதியதை ஒவ்வொருவரும் இரண்டு முறை படிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையைச் சொல்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே போடலாமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது.

நரிமேட்டான் | செவ்வாய், இரவு 9.00

மழைக்காலம் வருகிறது, அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர், நரிமேடு பக்கம் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். தெருவில் நின்ற என் காரில் இருக்கை வரை தண்ணீர். காலையில் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருகிவிட்டேன். ஒரே ஒரு முறைதான். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றது. உள்ளே போன தண்ணீரால் எஞ்சின் பூட்டிக்கொண்டு, உள்ளே தண்டு வளைந்துவிட்டது. இருக்கைக்கும் மின்கம்பிக்கும் பணம் தந்தார்கள். எஞ்சினுக்குத் தரவில்லை. வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, ஓட்ட முயன்றதால் வந்தது என்றார்கள். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பு என்னிடம் இல்லை. தண்ணீரில் நின்ற காரை யாரும் இயக்கிப் பார்க்காதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இத்தகைய செலவுக்குத்தான் கிளைம் வேண்டும். லட்சத்தைத் தொடும்போது போனஸை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

புதூர்க்காரன் | புதன், காலை 7.30

எல்லாவற்றையும் படித்தேன். திருநகர் அம்மா எழுதியதை என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தை பிறந்ததும் இந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் பெரிய கார் வாங்கும் எண்ணம் இருக்கிறது. விற்கப்போகிற காருக்குப் போனஸைக் காப்பாற்றி என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

கணக்குநோட்டு | புதன், காலை 9.45

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! போனஸ் காருக்கு உரியதல்ல தம்பி, உங்களுக்கு உரியது. காரை விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸைத் தக்கவைக்கும் கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு வரை செல்லும். புதுக் காரின் முதல் பாலிசியிலேயே 50 சதவீதம் கழிவு கிடைக்கும்.

புதுக் காரின் சொந்தச் சேத பிரீமியம் 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டிலேயே 11,000, வரியோடு 12,980 மிச்சம். ஒன்றேகால் மடங்குக் கணக்கில் மொத்தம் 32,450 வரை போகும். இருபத்தைந்தாயிரம் ரூபாய் கிளைமுக்காக முப்பதாயிரத்தை விடுவீர்களா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கைப்பணத்தில் சரிசெய்யுங்கள்.

பழைய சர்வேயர் | புதன், காலை 10.30

நானும் அதையே சொல்கிறேன். பாலிசி முடிவதற்கு முன் புதுப்பித்துவிடுங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால் கிளைம் போடாமலே போனஸ் போய்விடும். எத்தனையோ பேர் அப்படி இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதூர்க்காரன் | பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

கார் வந்துவிட்டது. மொத்தம் 14,600 ஆயிற்று, விளக்குக்குப் புதிது போட்டதால் அறுநூறு கூடிவிட்டது. ஒரு நாள் மாலை பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தடவுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு அவர் கையில் பட்டது. மறுபடி தேய்த்தார். மூன்று முறை. பழைய கீறல்களை இப்போதைக்கு விட்டுவிட்டேன். வெள்ளி நிறம் என்பதால் வெயிலில் ஒரு கோணத்தில் பார்த்தால் சற்று வேறுபாடு தெரிகிறது. எனக்குப் போதும்.

பாலிசியையும் அதே பிரீமியத்தில் புதுப்பித்தேன். 50 சதவீதம் போக 4,200, மூன்றாம் தரப்பு 3,416, வரியோடு ரூ.8,987. கிளைம் போட்டிருந்தால் 13,943 கட்டியிருக்க வேண்டும்.

நத்தம் சாலை | அதே நாள், மாலை

அந்தப் பட்டறை எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா? என் காரிலும் இதே போல ஒரு பள்ளம்.

புதூர்க்காரன் | அதே நாள், இரவு

தனிச் செய்தியில் வழி அனுப்பியிருக்கிறேன். போவதற்கு முன் கதவு இடைவெளியில் நாணயத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். நாங்கள் நாளை மாசி வீதிப் பக்கம் பத்திரிகை வைக்கப் போகிறோம். அந்தச் சந்துகளுக்குள் காரை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், பஸ்ஸில் போகிறோம்.